கப்பல் ரூட்டை மாத்தினா பிசினஸ் என்ன ஆகும்? ‘போட் மெயில்’ காலம் முதல் ‘சிவகங்கை’ கப்பல் வரை... முழு விளக்கம்

சென்னை எழும்பூரில் இருந்து ராமேஸ்வரம் போகும் ‘போட் மெயில்’ எக்ஸ்பிரஸ் இன்றைக்கும் காரைக்குடி வழியாகத்தான் ஓடுகிறது. பெயரில் போட் இருக்கு, மெயில் இருக்கு. ஆனா, ரயில் போய் நிற்கிற இடத்தில் இலங்கைக்குக் கொண்டுபோக கப்பல்தான் இல்லை. ஒரு காலத்தில் ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என கொழும்பு வரை போன வழி அது.

இப்போது தமிழ்நாட்டுக் கடலில் மறுபடியும் பயணிகள் கப்பல் ஓடுகிறது. சென்னையில் இருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்து இலங்கை காங்கேசன்துறைக்கு ‘சிவகங்கை’ என்ற பெயரிலேயே ஒரு கப்பல் விடப்பட்டது. டீலர் மீட்டிங்கை கப்பலிலேயே வைக்கிற நிறுவனங்களும் உண்டு.

ஆனா ஒரு சிக்கல். “இந்த ஊருக்குப் போகாது”, “இன்னிக்குக் கிளம்பாது”, “நேரம் மாறிடுச்சு” என்ற அறிவிப்பு எந்தப் பயணத்திலும் வரலாம். சுற்றிப்பார்க்கப் போனவருக்கு அது ஏமாற்றம். வியாபாரத்துக்குப் போனவருக்கு அது நஷ்டம்.

கப்பல் நிறுவனம் ஏன் ரூட்டை மாற்றுகிறது? முடிவெடுப்பது யார்? அந்த நிர்வாகியின் கணக்கு என்ன? வியாபாரத்துக்காகப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- கப்பல் நிறுவனத்தைப் பொறுத்தவரை அட்டவணை என்பது திட்டம்தான், உத்தரவாதம் இல்லை. டிக்கெட் நிபந்தனையும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்.
- நடுவில் வரும் துறைமுகம்தான் முதலில் கைவிடப்படும். புறப்பட்ட துறைமுகத்துக்குத் திரும்பும் நேரத்தை எப்படியாவது காப்பாற்றப் பார்ப்பார்கள்.
- மீட்டிங் கப்பலுக்குள் என்றால் ரூட் மாறினாலும் வேலை நடக்கும். மீட்டிங் கரையில் என்றால் ஆபத்து உங்களுடையது.
- தொழில் நோக்கத்துக்காக எடுத்த டிக்கெட் என்றால், நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

செட்டிநாட்டுக்காரர்கள் எப்படி கப்பலை நம்பிப் போனார்கள்?

கடல் கடந்த வியாபாரப் பயணம் காரைக்குடி வட்டாரத்துக்குப் புதிது இல்லை. நகரத்தார் குடும்பங்களில் அதற்கு ‘கொண்டுவிக்கப் போறது’ என்றே ஒரு சொல் உண்டு. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என அவர்களின் கடைகள் பரவியிருந்தன. ரங்கூனில் முகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு ஆகியவை செட்டியார்களின் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்ட இடங்கள். சிங்கப்பூரில் அவர்கள் தங்கி வியாபாரம் பார்த்த இடத்துக்கு ‘கிட்டங்கி’ என்று பெயர். அங்குள்ள டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859-ல் அமைத்ததும் அவர்கள்தான்.

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாக அங்குள்ள வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. அத்தனை கடைகளுக்கும் ஆட்கள் போய் வந்தது கப்பலில்தான்.

அந்தக் கப்பல் தாமதமானால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், கெடு. கடையைப் பார்க்கப் போகும் ஏஜெண்ட் வழக்கமாக மூன்று வருஷத் தவணையில் போவார். மூன்று வருஷத்தில் நான்கு நாள் தாமதம் என்பது பெரிய விஷயமே இல்லை.

இரண்டாவது, உண்டியல். கோயில் உண்டியல் இல்லை, பணம் அனுப்பும் ஹுண்டி. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி, இன்னொரு ஊரில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் முறை. பணமும் ஆளும் ஒரே கப்பலில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆள் வரத் தாமதமானாலும், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆளை வைத்து வேலை நடக்கும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: தபால். இந்தியப் பெருங்கடலில் கோலோச்சிய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனம், 1856-ல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை நம்பித்தான் தொடங்கப்பட்டது. அப்போது அதன் பெயர் கல்கத்தா அண்ட் பர்மா ஸ்டீம் நேவிகேஷன். அந்தக் காலக் கடல் தபால் ஒப்பந்தங்களில் நேரம் தவறினால் அபராதம் போடும் வழக்கம் இருந்தது. அதாவது, கப்பல் குறித்த ஊருக்குக் குறித்த நாளில் போகாவிட்டால் அரசுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரசின் தபால் பை கப்பலில் இருந்ததால், அதே கப்பலில் போன வியாபாரிக்கும் அட்டவணை ஓரளவு உறுதியாகக் கிடைத்தது.

இன்றைய சொகுசுக் கப்பலில் அந்தத் தபால் பை இல்லை. பழைய காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இதுதான்.

அப்போ ரூட் மாறவே இல்லையா?

மாறியது. ஆனா மாறியபோது லேசாக மாறவில்லை, வாழ்க்கையையே புரட்டிப் போட்டது.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமானது. கடல்வழி அடைபட்டதும் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான், அசாம் வழியாக நடந்தே ஊர் திரும்ப முயன்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே இறந்தார்கள். கப்பலில் போனவர்கள் கால்நடையாகத் திரும்பிய அந்த வருஷம், செட்டிநாட்டின் பர்மா வியாபாரத்துக்கும் முடிவுரை எழுதியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, கடனைத் திருப்பிக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியதால் 1937-38 வாக்கில் சுமார் 25 சதவீதமாகியிருந்தது. இது அங்கே கடும் கசப்பையும் உண்டாக்கியிருந்தது. சுதந்திர பர்மா 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. முதலீடு அங்கேயே நின்றுவிட்டது.

இலங்கை வழியும் தப்பவில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து ஓடியது. இலங்கையில் இனப்போர் வெடித்த பின், 1984-ல் அதுவும் நின்றது.

மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போனவர்களுக்கு ‘ரஜூலா’வை மறக்க முடியாது. 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் இடத்தைப் பிடித்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தனர். அதோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிவுக்கு வந்தது. அதற்குள் வியாபாரிகளும் விமானத்துக்கு மாறிவிட்டார்கள்.

இப்போது ‘ரூட் மாற்றம்’ என்றால் என்ன?

இன்றைய கப்பல் பயணத்தில் இது மூன்று வகையாக வரும்.

- துறைமுகத்தைத் தவிர்ப்பது: அட்டவணையில் உள்ள ஓர் ஊருக்குப் போகாமல், அந்த நாளையும் கடலிலேயே கழிப்பது.
- வரிசை அல்லது நேரத்தை மாற்றுவது: முதலில் போக வேண்டிய ஊருக்குப் பிறகு போவது, 10 மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில் 5 மணி நேரம் நிற்பது.
- பயணத்தையே மாற்றுவது அல்லது ரத்து செய்வது: வேறு நாட்டுக்குப் போவது, தேதியைத் தள்ளுவது, சேவையை நிறுத்துவது.

முதல் இரண்டும் அடிக்கடி நடப்பவை. மூன்றாவது அரிது, ஆனா நடந்தால் அடி பலமாக இருக்கும்.

எதனால் மாறுகிறது? நம்ம கடலிலேயே உதாரணம் இருக்கு

1. அனுமதி. 2022 ஜூன் 4-ம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலை சென்னையில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் சென்னை திரும்பும் பயணமும் அதன் திட்டத்தில் இருந்தது. ஆனால் கப்பலில் சூதாட்டம் நடக்கும் என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பியது. கப்பல் புதுச்சேரி கடல் அருகே வந்தும் பயணிகள் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. புயல் இல்லை, இன்ஜின் கோளாறு இல்லை. ஆனாலும் ஓர் ஊர் அட்டவணையில் இருந்து விழுந்தது.

2. வானிலை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை ‘செரியபாணி’ கப்பல் சேவையை 2023 அக்டோபர் 14-ல் பிரதமர் மோடி காணொலி வாயிலாகத் தொடங்கி வைத்தார். தினசரி சேவை என்று அறிவிக்கப்பட்டது, சில நாட்களிலேயே வாரத்தில் மூன்று நாள் ஆனது. வடகிழக்குப் பருவமழை காரணமாக அக்டோபர் 20-ம் தேதியோடு நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ கப்பல் வந்தது. அதுவும் அந்த ஆண்டு நவம்பரில் வானிலையால் நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரி 22-ல்தான் மீண்டும் ஓடியது.

3. நோய். 2022 ஜனவரி தொடக்கத்தில் மும்பையில் இருந்து கோவா போன இதே ‘எம்பிரஸ்’ கப்பலில் 66 பேருக்கு கொரோனா உறுதியானது. கப்பல் மும்பைக்கே திரும்ப வேண்டியதானது.

4. போர். 2023 இறுதியில் செங்கடலில் ஹவுதி தாக்குதல் தொடங்கியதும், பல சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியைக் கைவிட்டன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதாயிற்று. சில பயணங்கள் ரத்தே ஆயின.

5. கப்பலின் கோளாறு, துறைமுக நெரிசல். இன்ஜினில் ஒரு பகுதி வேலை செய்யாவிட்டால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஏதாவது ஓர் ஊரை விட்டுத்தான் ஆக வேண்டும்.

நிர்வாகியின் நாற்காலியில் இருந்து பார்த்தால்...

இந்த அறிவிப்பு வரும்போது பயணிக்கு ஓர் ஊர் போகிறது. நிர்வாகிக்கு முன்னால் இருப்பதோ வேறு கணக்கு.

முடிவு அவருடையது மட்டும் இல்லை. கடலில் பாதுகாப்பு பற்றிய முடிவை கேப்டன் எடுக்கலாம். அதில் கப்பல் முதலாளியோ நிறுவனமோ குறுக்கிடக் கூடாது என்று ‘சோலாஸ்’ என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமே சொல்கிறது. “கடல் சரியில்லை, உள்ளே போக மாட்டேன்” என்று கேப்டன் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு பயணிகளுக்கு எப்படிச் சொல்வது, எவ்வளவு திருப்பித் தருவது, மிச்ச நாட்களை எப்படி அடுக்குவது என்பதுதான் அலுவலகத்தின் வேலை.

தாமதத்தை வேகத்தால் ஈடுகட்டுவது பெரும் செலவு. கப்பலுக்குத் தேவையான இன்ஜின் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக ஏறும். உதாரணத்துக்கு, 18 நாட் வேகத்தில் போகும் கப்பல் 20 நாட்டுக்கு மாறினால், வேகம் 11 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கான சக்தி சுமார் 37 சதவீதம் கூடும். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவதைக் கழித்துப் பார்த்தாலும், அதே தூரத்துக்கு எரிபொருள் 23 சதவீதம் அளவுக்கு அதிகம். ஓர் ஊரைத் தவிர்த்துவிட்டால் அந்தச் செலவும் இல்லை, அந்தத் துறைமுகக் கட்டணமும் மிச்சம்.

கடைசி நாள்தான் முக்கியம். சென்னையில் கிளம்பிய கப்பல் சென்னைக்குத் திரும்பும் நாளில் பழைய பயணிகள் எல்லாரும் இறங்கி, புதியவர்கள் ஏற வேண்டும். உணவு, தண்ணீர், எரிபொருள் ஏற்ற வேண்டும். இறங்குபவர்களுக்கு ரயிலும் விமானமும் காத்திருக்கும். அந்த நாள் தவறினால் இந்தப் பயணத்தோடு அடுத்த பயணமும் சேர்ந்து கெடும். அதனால் நெருக்கடி வந்தால் நடுவில் உள்ள ஊரைக் கொடுத்துக் கடைசி நாளைக் காப்பாற்றுவார்கள்.

இதில் வியாபாரிக்கு ஒரு பாடம் இருக்கு. நடு ஊரில் ஒரு முக்கியமான சந்திப்பை வைத்தீர்கள் என்றால், நிறுவனம் முதலில் விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ள இடத்தில் உங்கள் வேலையை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கும்?

பெரும்பாலான சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் நிபந்தனைகளில் இந்த மூன்றும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும்.

- முன்னறிவிப்பு இல்லாமலும் துறைமுகத்தை மாற்றவோ தவிர்க்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு.
- போகாத துறைமுகத்துக்கு வசூலித்த கட்டணம், வரி திரும்பக் கிடைக்கலாம். மொத்த டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு கேட்க முடியாது.
- அதனால் உங்களுக்கு வந்த மறைமுக நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை. தவறிய விமானம், கைவிட்டுப்போன ஆர்டர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

சில நிறுவனங்கள் நல்லெண்ணமாக, கப்பலுக்குள் செலவு செய்ய ஒரு தொகையை வரவு வைக்கும். அது சலுகைதான், உரிமை இல்லை.

“இது நம்ம ஊரில் மட்டும்தானா?” என்று கேட்கலாம். இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ம் ஆண்டு கப்பல் பயணிகள் உரிமை விதியைப் பாருங்கள். ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்குப் போகும் சாதாரணப் பயணிகள் கப்பல் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தாமதமானால், டிக்கெட் விலையில் குறைந்தது 25 சதவீதம் இழப்பீடு கேட்கலாம். மோசமான வானிலை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் சொகுசுக் கப்பல் பயணிக்கு அந்த இழப்பீட்டுப் பிரிவே பொருந்தாது. சட்டமே பிரித்துப் பார்க்கிறது. ஒன்று போய்ச் சேருவதற்கான வழி. இன்னொன்று பயணமே பொருளாக விற்கப்படும் உல்லாசம்.

பிசினஸ் பயணி கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கப்பல் உங்களுக்குச் சாலையா, மண்டபமா?

மண்டபம் என்றால்: டீலர் மீட்டிங், ஊழியர் கூட்டம், புதுப் பொருள் அறிமுகம் போன்றவை. தங்க அறை, சாப்பாடு, கூட்ட அரங்கு, மாலையில் பொழுதுபோக்கு என எல்லாம் ஒரே பில்லில் வந்துவிடும். வந்தவர்கள் பாதியில் எழுந்து வெளியே போகவும் முடியாது! கப்பல் நிறுவனத்துக்கும் இது லாபம். ஒரே நிறுவனம் நூற்றுக்கணக்கான அறைகளை மொத்தமாக எடுக்கும். விடுமுறை இல்லாத வார நாட்களில் காலியாகக் கிடக்கும் அறைகள் நிரம்பும். எல்லாவற்றுக்கும் மேல், ஓர் ஊரைத் தவிர்த்தாலும் கூட்டம் கெடாது. அதனால்தான் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் கார்ப்பரேட் குழுக்களை விரும்பித் தேடுகின்றன.

சாலை என்றால்: அங்கே போய் ஒருவரைப் பார்க்க வேண்டும், சரக்கைக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். இங்கே ரூட் மாறினால் எல்லாமே மாறும்.

ஒரு கற்பனை உதாரணம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை வியாபாரம் செய்யும் ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காரரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் நாகப்பட்டினத்தில் கப்பல், புதன் கடையில் பேச்சு, வியாழன் திரும்பக் கப்பல். செவ்வாய்க் கப்பல் ரத்தானால் அறை வாடகை, கார் செலவு போகும். அது சின்ன நஷ்டம். வியாழன் கப்பல் ரத்தானால் வெள்ளி அன்று ஊரில் இருக்க வேண்டிய மனுஷன் கடல் தாண்டி நிற்பார். முகூர்த்த நேரம் என்றால் கடையில் ஆள் இல்லாமல் போகும். பெரிய நஷ்டம் அதுதான். பலரும் போகும் கப்பலைப் பற்றி மட்டும் விசாரிப்பார்கள். திரும்பும் கப்பலைப் பற்றிக் கேட்பதில்லை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர் அளவு. நான்கு மணி நேரப் பயணம்தான். ‘சிவகங்கை’யில் ஏறக்கூடியவர்கள் 150 பேர். சிறிய கப்பல் என்பதால் பெரிய கப்பல் சமாளிக்கும் அலையையும் இதனால் சமாளிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வழியை நம்பி தேதி குறிப்பது ஆபத்து.

மாற்று வழியும் கையில் இருக்கு. திருச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ விமானம் தொடங்கியது. காரைக்குடிக்காரர்களுக்கு திருச்சி கூப்பிடு தூரம்தான். சரக்கோடு போகக் கப்பல், அவசரத்துக்குத் திரும்ப விமானம் என்று யோசித்து வைப்பது நல்லது.

டீலர் டூரில் வரி விஷயம் ஒன்று

“கம்பெனி இலவசமா கப்பல் டூர் கூட்டிட்டுப் போகுது” என்று சந்தோஷப்படும் கடைக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தொழில் தொடர்பாகக் கிடைக்கும் சலுகையின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்ற 194ஆர் விதி 2022 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது.

புதுப் பொருளைப் பற்றிச் சொல்லித்தருவது போன்ற நோக்கத்தில் நடக்கும் டீலர் மாநாட்டுச் செலவு இதில் வராது என்று வருமான வரித் துறை அப்போது விளக்கம் கொடுத்தது. ஆனால் டார்கெட் முடித்தவர்களுக்கு மட்டும் பரிசாகத் தரும் டூர், அதில் உள்ள சுற்றுலாப் பகுதி, கூட வரும் குடும்பத்தினரின் செலவு ஆகியவை சலுகையாகவே பார்க்கப்படும். எனவே கிளம்பும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நஷ்டமானால் புகார் கொடுக்கலாமா?

குடும்பத்தோடு சுற்றுலா போனவர், சேவையில் குறைபாடு இருந்ததாக நினைத்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனா வியாபாரிகள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று அதே சட்டத்தில் இருக்கு. ‘வணிக நோக்கத்துக்காக’ சேவையைப் பெறுபவர் நுகர்வோர் என்ற வரையறையில் வர மாட்டார். நிறுவனத்தின் பெயரில் மொத்தமாக அறை எடுத்து, தொழில் செலவாகக் கணக்கு எழுதிவிட்டு, பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும் முதல் வாதம் இதுவாக இருக்கும். எது வணிக நோக்கம் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அதன் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால் பின்னால் சட்டத்தைத் தேடுவதைவிட, முன்னாலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கூட்டமாக முன்பதிவு செய்பவருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. தனி ஆளாக டிக்கெட் எடுப்பவருக்கு அது இல்லை.

செட்டிநாட்டுச் சுற்றுலாவுக்கு இதனால் பாதிப்பா?

நேரடியாக இல்லை. சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்பது வழக்கமாக ஒரு பகல்தான். சென்னைத் துறைமுகத்தில் இறங்குபவர் மாமல்லபுரம், காஞ்சிபுரம் பார்த்துவிட்டு ஏறிவிடலாம். 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் காரைக்குடிக்கு வந்து, கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸ் போடுவதையும் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியாது.

கப்பல் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பின்போ இரண்டு மூன்று நாள் தங்குபவர்கள்தான் இந்த ஊருக்கு வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு முக்கியம் நடு ஊர் இல்லை, கிளம்பும் நாளும் திரும்பும் நாளும்தான். முன்னால் சொன்ன மாதிரி, நிறுவனம் கடைசி வரை காப்பாற்றும் நாட்களும் அவைதான். எனவே பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்துபவர்கள் இந்த ‘முன்-பின்’ பயணிகளை நம்பிக் கணக்குப் போடலாம்.

டிக்கெட் எடுக்கும் முன்... செக் லிஸ்ட்

- வேலை கரையிலா, கப்பலிலா? கரையில் என்றால், குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.
- சந்திப்பு எந்த ஊரில்? கப்பல் கிளம்பும் ஊரிலோ முடியும் ஊரிலோ வையுங்கள். நடு ஊரில் வேண்டாம்.
- எந்த மாதம்? நம்ம கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், மழைக் காலம்.
- துறைமுக அனுமதி வந்துவிட்டதா? புதிதாகச் சேர்த்த ஊர் என்றால் கட்டாயம் கேளுங்கள்.
- திரும்பும் வழி என்ன? கப்பல் ரத்தானால் அன்றே கிடைக்கும் விமானமோ மாற்று வழியோ தெரிந்திருக்க வேண்டும்.
- விசா, பாஸ்போர்ட்: திரும்புவது தள்ளிப்போனாலும் செல்லுபடியாகும்படி நாட்கள் மிச்சம் இருக்கட்டும்.
- இன்சூரன்ஸ்: ‘தவறிய துறைமுகம்’, ‘பயணத் தாமதம்’ இரண்டும் பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தொழில் நஷ்டத்தை சாதாரணப் பயண பாலிசி ஈடுகட்டாது.
- மொத்த முன்பதிவா? எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு பணம் திரும்பும், தேதி மாறினால் விலகலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
- சரக்கும் ஆளும் ஒன்றாகவே போக வேண்டுமா? சாம்பிளை முன்கூட்டியே அனுப்ப முடிந்தால், ஆள் தாமதமானாலும் பேச்சு நிற்காது.

அடுத்து என்ன?

மத்திய அரசு 2024 செப்டம்பர் 30-ல் ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் சொகுசுக் கப்பல் பயணிகள் போக்குவரத்தை இரட்டிப்பாக்குவது இலக்கு. கார்டிலியா 2023 ஜூனில் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணத்தைத் தொடங்கியபோதே, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையில் கடல்வழி வியாபாரம் மறுபடி வருமா என்ற பேச்சும் கிளம்பியது.

கப்பல் வந்தால் மட்டும் அது நடந்துவிடாது. அன்று ஏஜெண்டுக்கு மூன்று வருஷக் கெடு இருந்தது, பணத்துக்கு உண்டியல் இருந்தது, அட்டவணைக்குத் தபால் ஒப்பந்தம் இருந்தது. இன்றைய வியாபாரிக்குக் கையில் இருப்பது மூன்று நாள் லீவும் ஒரு டிக்கெட்டும்தான். குறித்த நாளில் கப்பல் வரும், வராவிட்டால் யாராவது பதில் சொல்வார்கள் என்ற நிலை நாகப்பட்டினத்தில் உருவாகும்வரை, சொகுசுக் கப்பலில் மீட்டிங் வையுங்கள், மீட்டிங்குக்குப் போவதற்கு மட்டும் இன்னொரு வழியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.